நான்கு சிவப்புப் புள்ளி வைத்த சால்டரிங் அயர்ன்

சோல்ட்ரான் கம்பெனியின் 25 வாட் சால்டரிங் அயர்ன் (ஈயத்தை உருக்கி ஒயர்களை இணைக்கும் கருவி) ஒன்றை ராணிப்பேட்டை முத்துக்கடையில் ஓர் எலெக்ட்ரிக்கல் கடையில் வாங்கினேன். ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் பேத்திக்காக வாங்கியது. 300 ரூபாய்க்குள்தான் ஆனது. ஏழு மாதமாக வாரத்தில் நான்கு நாளாவது அது சூடேறிக்கொண்டிருக்கிறது. போன மாதம் நடந்த ஒரு ரோபோ போட்டியில் நாள் முழுக்க அதை நம்பித்தான் நான்கு பெண் பிள்ளைகள் நின்றார்கள். வாங்கலாமா என்று யோசிக்கிற பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் உதவும் என்று இதை எழுதுகிறேன்.

நான் ராணிப்பேட்டை பெல் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவன். வேலைக்குச் சேர்ந்தபோது இந்த ஊர் வட ஆற்காடு மாவட்டம். பிறகு வேலூர் மாவட்டம் ஆனது. 2019-இல் ராணிப்பேட்டையே தனி மாவட்டமாகிவிட்டது. அனல் மின் நிலையப் புகையிலிருந்து சாம்பலைப் பிடித்து வைக்கும் பெரிய பெட்டிகளை அங்கே செய்கிறோம். 3.15 எம்எம் ராடு, 120 அல்லது 130 ஆம்பியர், முகத்தில் ஷீல்டு. அப்படித்தான் என் காலம் போனது. 25 வாட் அயர்ன் 230 வோல்ட்டில் எவ்வளவு இழுக்கும் என்று கணக்குப் போட்டேன். 0.11 ஆம்பியர் வந்தது. கையில் எடுத்தால் கனத்த பேனா போலத்தான் இருந்தது.

இதற்கு முன் வீட்டில் வேறோர் அயர்ன் இருந்தது. ஆன்லைனில் வாங்கிய ரோபோ கிட்டோடு வந்தது, கம்பெனிப் பெயர்கூட அதில் இல்லை. 60 வாட் என்று மட்டும் போட்டிருந்தது. கிட்டில் வந்த மஞ்சள் நிற மோட்டாரைப் பார்த்திருப்பீர்கள். பிள்ளைகள் பிஓ மோட்டார் என்பார்கள். அதன் பின்பக்கத்தில் கம்பி இணைப்பதற்கு இரண்டு செம்புத் தகடுகள் உண்டு, நகம் அளவுகூட இல்லை. அவை நிற்பது பிளாஸ்டிக் மூடியில். பேத்தி அந்த 60 வாட்டை வைத்து எண்ணிப் பத்து விநாடி பிடித்தாள். மூடி இளகி, தகடு சாய்ந்து, உள்ளே கார்பன் பிரஷ் நகர்ந்து மோட்டார் நின்றுவிட்டது. இப்படி இரண்டு மோட்டார் போயின. இரண்டே வாரத்தில் முனையும் கறுத்து, ஈயம் ஒட்டாமல் உருண்டு விழ ஆரம்பித்தது. அவள் தன் கைதான் சரியில்லை என்று அழுதாள். கையில் குறை இல்லை, சின்ன வேலைக்கு அந்தச் சூடு அதிகம். மறுநாளே இதை வாங்கினேன்.

சொல்லிக்கொடுப்பது சுலபம் என்று நினைத்தேன். தமிழில் வெல்டிங்கையும் பற்றவைப்பது என்கிறோம், சால்டரிங்கையும் பற்றவைப்பது என்கிறோம். இரண்டும் ஒன்றல்ல என்பது அந்த வாரத்தில்தான் என் கைக்குப் புரிந்தது. வெல்டிங்கில் இரும்பே உருக வேண்டும். இரண்டு தகடும் உருகிக் கலந்து ஒரே தகடாக வேண்டும். சால்டரிங்கில் செம்பு உருகுவதே இல்லை. நடுவில் போகும் ஈயம் மட்டும் உருகிச் செம்பின் மேல் படர்ந்து பிடித்துக்கொள்கிறது. வெல்டர் பழக்கத்தில் நான் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று சூடு கொடுத்தேன். கம்பியின் தோல் உருகியதுதான் மிச்சம்.

அப்போதுதான் என் சின்ன வயதில் எங்கள் தெருவுக்கு வரும் ஈயம் பூசுகிறவர் நினைவுக்கு வந்தார். துருத்தி ஊதி, பித்தளை அண்டாவைச் சூடாக்கி, நவச்சாரப் பொடியைப் போட்டுத் துணியால் ஒரு தேய். புகை மேலே எழும்பும். பிறகு வெள்ளீயத் துண்டால் ஒரு கோடு. அது பாத்திரம் முழுக்கப் பளபளவென்று ஓடும். சால்டரிங்கும் அதே வேலைதான். நவச்சாரத்துக்குப் பதில் ஈயக் கம்பிக்கு உள்ளேயே இருக்கும் பைன் மரப் பிசின், அதாவது ஃப்ளக்ஸ். செம்பின் மேல் இருக்கும் களிம்பை அது கரைத்துவிட்டால் ஈயம் தானே ஓடும். (மின்சார வேலைக்கு நவச்சாரம் போட்டுவிடாதீர்கள், கம்பியை அரித்துவிடும்.) அவர் ஒருபோதும் ஈயத்தை நெருப்பில் உருக்கிப் பாத்திரத்தில் ஊற்றியதில்லை. பாத்திரம் சூடாக இருக்கும், ஈயம் பாத்திரத்தில் பட்டு உருகும். பேத்தியிடம் இதைச் சொன்னேன். அயர்ன் முனையில் ஈயத்தை உருக்கிக் கொண்டுபோய் அப்பாதே, இணைப்பைச் சூடாக்கு, ஈயத்தை இணைப்பில் கொடு என்று. மூன்றாம் முயற்சியிலேயே வந்துவிட்டது. வேலூர்க் கோட்டை அகழிக் கரை மாதிரி ஓரங்கள் சரிந்து, பளபளப்பாக ஒட்டியிருந்தது. உருண்டையாக, மங்கலாக உட்கார்ந்தால் அது பிடித்திருக்காது. அதைத்தான் ரேடியோ மெக்கானிக்குகள் டிரை சால்டர் என்பார்கள்.

இனி அயர்னைப் பற்றி. சொருகி மூன்று, நான்கு நிமிடத்தில் வேலைக்குத் தயாராகிறது. 25 வாட் என்பதால் பிஓ மோட்டார் தகடு, சென்சார் போர்டு, மெல்லிய ஒயர், ஸ்விட்ச் எல்லாவற்றுக்கும் சரியான சூடு. இரண்டு, மூன்று விநாடியில் ஓர் இணைப்பு முடிகிறது. கைப்பிடி நீண்ட நேரம் பிடித்தாலும் பிள்ளைகளால் தாங்க முடிகிற சூட்டிலேயே இருக்கிறது. பிட்டை, அதாவது முனையை, கழற்றி மாற்றலாம் என்பது எனக்கு ரொம்பப் பிடித்தது. தனியாகக் கிடைக்கும் பிட்டுகளில் வெறும் செம்பும் உண்டு, மேல்பூச்சு உள்ளதும் உண்டு. செம்பு பிட் மெல்ல ஈயத்திலேயே கரைந்து குழி விழும், அதை அரத்தால் ராவிச் சரிசெய்யலாம். பூச்சு உள்ளதை மட்டும் ராவவே கூடாது. பூச்சு போனால் பிட் போச்சு. நனைந்த பஞ்சில் ஒரு துடைப்பு, உடனே முனையில் ஒரு துளி ஈயம், வேலை முடிந்ததும் அந்த ஈயத்தோடேயே அணைத்து வைப்பது. இந்த மூன்றை மட்டும் விடாமல் செய்தால் முனை கறுக்காது.

இதில் சூட்டைக் கூட்டிக் குறைக்கும் வசதி கிடையாது. சொருகினால் சூடேறிக்கொண்டே இருக்கும். முனை 300 டிகிரியைத் தாண்டிப் போகும், ஈயம் உருக 183 டிகிரி போதும். அதனால் அரை மணி நேரம் சும்மா சொருகியே வைத்திருப்பது பிட்டுக்கு நல்லதல்ல. நான் ஸ்விட்ச் உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டியில் மாட்டிக் கொடுத்திருக்கிறேன். ஸ்டாண்டு தனியாக வாங்க வேண்டும். தயவுசெய்து வாங்குங்கள், டம்ளர் மேல் சாய்த்து வைக்கிற வேலை வேண்டாம். கனமான பேட்டரி ஒயருக்கும் பெரிய தகட்டுக்கும் 25 வாட் போதாது. தகடு சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், ஈயம் ஓடாமல் திரண்டு நிற்கும்.

ஈயக் கம்பியில் காசு பார்க்காதீர்கள். 60/40 என்றால் வெள்ளீயம் 60, காரீயம் 40. கடையில் 63/37 கிடைத்தால் அதை எடுங்கள். 60/40 ஆறும்போது சிறிது நேரம் கூழ் போல இருக்கும், அந்த நேரத்தில் கை அசைந்தால் இணைப்பு கெட்டுவிடும். 63/37 அப்படி இல்லாமல் ஒரே சூட்டில் உருகி அதே சூட்டில் இறுகும். பழகுகிற கைக்கு அதுதான் நல்லது. இரண்டிலும் காரீயம் இருக்கிறது. எங்கள் வீட்டில் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முறுக்கு டப்பாவைத் தொடக்கூடாது. புகையை முகத்துக்கு நேரே வாங்காமல் ஜன்னல் ஓரமாக உட்கார வேண்டும், கண்ணாடி போட வேண்டும். சுட்டுக்கொண்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம், பற்பசை தடவக் கூடாது.

இனி போட்டி.

காட்பாடிப் பக்கம் ஒரு கல்லூரியில் நடந்தது. லைன் ஃபாலோயர் போட்டி. வெள்ளை ஃப்ளெக்ஸில் கறுப்புக் கோடு போட்டிருப்பார்கள், ரோபோ யாரும் தொடாமல் அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு போய் முடிக்க வேண்டும். வண்டியின் வயிற்றுப் பக்கம் அகச்சிவப்பு சென்சார்கள் வரிசையாக இருக்கும். வெள்ளையில் ஒளி திரும்பி வரும், கறுப்பில் வராது. கோடு எந்தப் பக்கம் நழுவுகிறது என்பதை வண்டியின் மூளையான ஆர்டுயினோ போர்டு அதைக் கொண்டு கண்டுபிடித்து, இடது வலது மோட்டார்களின் வேகத்தைக் கூட்டும், குறைக்கும். மொத்தம் 31 அணிகள், மூன்று சுற்று, சிறந்த நேரம்தான் கணக்கு. சுற்றுக்கு முன் ரிப்பேருக்குப் பத்து நிமிடம் தருவார்கள். மாணவர்கள் தவிர யாரும் வண்டியைத் தொடக்கூடாது, பேசி உதவவும் கூடாது. பெரியவர்கள் எல்லாம் கயிற்றுக்கு வெளியே.

காலை ஆறரைக்கு முத்துக்கடையில் பஸ் ஏறினோம். சிப்காட், திருவலம் வழி. திருவலம் இரும்புப் பாலம் தெரியும்போதெல்லாம் நான் எழுந்து பார்ப்பது வழக்கம். அன்று பார்க்கவில்லை. பேத்தி மடியில் அட்டைப் பெட்டியில் ரோபோ, என் மடியில் எக்ஸ்டென்ஷன் பெட்டியும் அயர்னும். ரோபோவுக்குக் கோட், அதாவது கம்ப்யூட்டர் புரோகிராம், எழுதுகிற பெண் ஒன்றும் பேசாமல் விரலால் ஜன்னல் கண்ணாடியில் கோடு போட்டுக்கொண்டே வந்தாள்.

முதல் சுற்றில் இரண்டாவது வளைவில் இடது சக்கரம் நின்றுவிட்டது. வண்டி ஒற்றைச் சக்கரத்தில் செக்கு மாடு மாதிரி சுற்றியது. நேரம் பதிவாகவில்லை. கோட் எழுதுகிற பெண் உடனே லேப்டாப்பைத் திறந்தாள், தன் தப்பு என்று நினைத்துவிட்டாள். என் பேத்தி முதலில் அயர்னைச் சொருகினாள். இதை வீட்டில் நூறு முறை சொல்லியிருப்பேன். என்ன கோளாறு என்று தெரியாவிட்டாலும் முதலில் அயர்னைச் சொருகு, அப்புறம் தேடு. சூடேறவே நான்கு நிமிடம் வேண்டும், கோளாறு தெரிந்த பிறகு சொருகினால் அந்த நான்கு நிமிடம் கைகட்டி நிற்க வேண்டியதுதான். மேசையில் இருந்த பிளக் பாயின்ட் எல்லாவற்றிலும் போன் சார்ஜர். எக்ஸ்டென்ஷன் பெட்டி கொண்டுபோனது அங்கேதான் உதவியது.

மல்டிமீட்டரில் பீப் சத்தம் வைத்துப் பார்த்தாள், மின் இணைப்பு இருந்தால் பீப் அடிக்கும். ஒயரை விரலால் அழுத்தினால் பீப், விட்டால் இல்லை. மேலே பார்த்தால் ஒயர் நன்றாகத்தான் இருந்தது. தோலுக்கு உள்ளே, தகட்டுக்குப் பக்கத்தில் கம்பி முறிந்திருந்தது. ஒற்றைக் கம்பி ஒயர், வண்டி அதிர அதிர ஒரே இடத்தில் மடங்கி மடங்கி ஒடிந்துவிட்டது. வெல்டிங்கிலும் இதே கதைதான், அதிர்வு இருக்கிற இடத்தில் விரிசல் இணைப்பின் ஓரத்தில்தான் ஆரம்பிக்கும். நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பல இழை ஒயர் எடு, பல இழை ஒயர் எடு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன். எடுத்துவிட்டாள்.

பழைய ஈயத்தை உருக்கி எடுத்தாள். புதிய ஒயரின் இழைகளை முறுக்கி, தகட்டின் துளைக்குள் கொக்கி மாதிரி மாட்டி, இடுக்கியால் ஒரு அழுத்து அழுத்தினாள். பிடிமானம் அந்தக் கொக்கியில் இருக்க வேண்டும், ஈயத்தில் இருக்கக் கூடாது. பிறகு அயர்னை எடுத்தாள். கை நடுங்கியது இங்கிருந்தே தெரிந்தது. சுற்றி மைக் சத்தம், பக்கத்து மேசையில் யாரோ அழுகிறார்கள், மிச்சம் மூன்று நிமிடம். அவள் சுண்டு விரலை மேசையில் ஊன்றினாள். நான் ராடு பிடிக்கும்போது இடது கையை அப்படித்தான் ஊன்றுவேன். அதை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்ததே இல்லை, எப்போதோ பார்த்திருக்கிறாள். இரண்டு விநாடி. ஈயம் ஓடியது. ஊதவில்லை, அசைக்கவில்லை, ஆறும் வரை அப்படியே பிடித்திருந்தாள். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

இரண்டாம் சுற்றில் சக்கரம் நன்றாகச் சுற்றியது. பாதி வழியில் வண்டி திடீரென நின்று, ஒரு விநாடி கழித்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. போர்டு ரீசெட் ஆகிறது. மோட்டாரின் இரண்டு தகடுகளுக்கும் நடுவில் 104 என்று எழுதிய சின்ன கெபாசிட்டர் ஒன்று வைத்திருந்தார்கள், 0.1 மைக்ரோஃபாரட். மோட்டாருக்குள் பிரஷ் உரசும்போது வரும் தீப்பொறியின் மின் இரைச்சலை அது அடக்கும். அவசர ரிப்பேரில் அதைக் கழற்றியவர்கள் திரும்ப வைக்கவில்லை. மதிய இடைவேளையில் தயிர்சாதத்தைத் தள்ளி வைத்துவிட்டு நிதானமாக அதைப் பற்றவைத்தார்கள். கூடவே ஒயர் வளையும் இடத்தில் ஹாட் குளூ ஒரு சொட்டு வைத்து அசையாமல் பிடித்தார்கள்.

அந்த நேரத்தில்தான் குடியாத்தம் பக்கத்து அரசுப் பள்ளிப் பையன்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஏழாம் வகுப்பு இருக்கும். "அக்கா, அயர்ன் ஒரு நிமிஷம் தர்றீங்களா?" பேட்டரியிலிருந்து ஒயர் பிய்ந்துவிட்டதாம். 18650 செல், லேப்டாப்பில் இருக்குமே அந்த உருளை. ஒயரை நேராகச் செல்லின் தலையிலேயே பற்றவைக்கப் போனார்கள். என் பேத்தி அயர்னைக் கொடுக்கவில்லை. "செல்லு மேல நேரா வைக்கக் கூடாதுப்பா. சூடு உள்ள போச்சுன்னா செல் கெட்டுடும், தீயே பிடிக்கலாம். ஹோல்டர் இருக்கா?" அவர்களிடம் இல்லை. எங்கள் பெட்டியில் உபரி ஹோல்டர் ஒன்று இருந்தது. செல்லைக் கழற்றித் தள்ளி வைக்கச் சொல்லி, ஹோல்டரின் ஒயரைத்தான் பற்றவைத்தார்கள். அதையும் அவள் செய்துகொடுக்கவில்லை. சின்னப் பையன் கையில் அயர்னைக் கொடுத்து, "இணைப்பைச் சூடு பண்ணு, ஈயத்தை அங்க குடு" என்றாள். ஈயம் பூசுகிறவர் எந்த ஊரோ, இருக்கிறாரோ இல்லையோ. அவர் வேலை காட்பாடியில் ஒரு பையன் கையில் போய்ச் சேர்ந்தது.

மூன்றாம் சுற்று சாயங்காலம். மேற்கு ஜன்னலிலிருந்து வெயில் டிராக்கின் மேல் சாய்ந்திருந்தது. வெயிலிலும் அகச்சிவப்பு உண்டு, சென்சாருக்குக் கறுப்பும் வெள்ளை மாதிரித் தெரியும். கோட் எழுதுகிற பெண் அதைக் கவனித்துவிட்டாள். வெயில் விழும் இடத்தில் வைத்து அளவெடுத்து எண்களை மாற்றினாள், சென்சாரைச் சுற்றிக் கறுப்புச் சார்ட் அட்டையில் பாவாடை மாதிரி ஒட்டினார்கள். வண்டி கிளம்பியது. இரண்டாவது வளைவு தாண்டியது. வெயில் வளைவில் ஒரு முறை தலையை ஆட்டியது, திரும்பக் கோட்டைப் பிடித்தது. 41 விநாடி. நான்கு பேரும் குதித்த குதியில் மேசையே ஆடியது. ஸ்டாண்டிலிருந்து அயர்ன் விழுந்துவிடப் போகிறதே என்று நான் கயிற்றுக்கு வெளியிலிருந்து கத்தினேன். ஸ்விட்ச் அணைத்துத்தான் இருந்தது.

31-இல் ஒன்பதாம் இடம். சான்றிதழ் உண்டு, பரிசு இல்லை. குடியாத்தம் பையன்கள் பதினாறாம் இடம், அவர்கள் வண்டியும் கோட்டை முடித்தது. திரும்பும்போது வேலூர் போய் ஆற்காடு வழியாக வந்தோம், மக்கன் பேடா வாங்குவதற்காகவே.

இந்த அயர்னை யாருக்குச் சொல்வேன் என்றால், ஆறாம் வகுப்புக்கு மேல், பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார நேரம் இருக்கிற வீட்டுக்கும் பள்ளிக்கும். அடல் டிங்கரிங் லேப் (மத்திய அரசுத் திட்டத்தில் பிள்ளைகள் கருவிகளோடு செய்து பழகும் கூடம்) இருக்கிற பள்ளிகளில் கருவிகள் கண்ணாடி பீரோவில் பூட்டி வைத்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் சுட்டுக்கொள்வார்கள் என்ற பயம், அது நியாயமான பயம்தான். ஆனால் பீரோவைத் திறந்து, ஸ்டாண்டையும் கண்ணாடியையும் முதலில் வைத்து, ஓர் ஆசிரியர் கூடவே இருந்தால் போதும். சூட்டைக் கட்டுப்படுத்தும் ஸ்டேஷன் வாங்கப் பணம் இருந்தால் வாங்கலாம், நுண்ணிய வேலைக்கு அது நல்லது. தொடங்குவதற்கு அது தேவையில்லை. 25 வாட் அயர்ன், ஸ்டாண்டு, 63/37 ஈயம், ஈயம் உறிஞ்சும் செம்புத் திரி, ஒரு மல்டிமீட்டர், பல இழை ஒயர் ஒரு சுருள். இவ்வளவுதான்.

போட்டி மேசையில் இதே அயர்ன் ஏழெட்டு இருந்தது, கலந்துவிடும் என்று கைப்பிடியில் நெயில் பாலிஷால் நான்கு சிவப்புப் புள்ளி வைத்திருக்கிறார்கள், ஆளுக்கு ஒன்று. போன வாரம் பிட் தேய்ந்துவிட்டது. பேத்தியே முத்துக்கடைக்குப் போய் வாங்கிவந்து, அயர்ன் ஆறும் வரை காத்திருந்து மாற்றினாள். பழைய பிட்டை எறியவில்லை. மக்கன் பேடா வந்த டப்பாவில், கருகிப்போன அந்த இரண்டு மோட்டாரோடு வைத்திருக்கிறாள்.